ஓட்டின் மேல் ஓடு

எனக்குப் பிரசவ நாள் தள்ளிப் போய்க்கொண்டிருந்த சித்திரை மாதம் அது. இரண்டாயிரத்து எட்டு. டாக்டர் சொன்ன தேதி தாண்டியும் வலி வருவதாகத் தெரியவில்லை. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்துவிடு, வலி வர மருந்து கொடுக்கலாம் என்றார்கள். அம்மாவுக்கோ நாள் தள்ளத் தள்ள முகம் மலர்ந்தது. தலைச்சன் பிள்ளை சித்திரையில் பிறந்தால் தகப்பனுக்கு ஆகாது என்பது முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் எல்லோரும் நம்பிய சங்கதி. வைகாசி பிறக்க இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

நான் நம்பினேனா என்றால், இல்லை. ஆனால் சென்னையில் வேலை பார்த்த என் கணவர் பஸ் ஏறிவிட்டேன் என்று போன் செய்தால், அவர் வந்து சேரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டு பொறுத்தேன்.

வீட்டில் மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றிவிட்டது. மதியமானால் ஆட்டோ பிடித்து ஆய்வகத்துக்குப் போய்விடுவேன். ஆராய்ச்சி வேலை பாக்கி என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டாலும், உண்மையில் அங்கே ஏசி இருந்தது.

என் ஆராய்ச்சி டைனோசர் முட்டை ஓடுகளைப் பற்றியது. நர்மதைப் பக்கத்து மண்ணிலிருந்து வந்த, நகத்தளவுத் துண்டுகள். ஓட்டைப் பசையில் பதித்து அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்க்க வேண்டும். பிறகு மைக்ராஸ்கோப்பின் வட்டத் தட்டில் வைத்து மெல்லத் திருப்பினால் தேன் நிறமும் வெளிர் ரோஜாவும் மாறி மாறி வரும். நடுவில் ஒரு கரிய நிழல் ஓட்டின் மேல் நடந்து போகும். அந்தக் குளிர்ந்த இருட்டறையில், நிறைமாத வயிற்றோடு அதைத் திருப்பிக்கொண்டே இருந்தால் தூக்கமா விழிப்பா என்று தெரியாது. எந்தக் காலத்திலோ ஒரு தாய் மண்ணைத் தோண்டிக்கொண்டிருப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

நீண்ட கழுத்துள்ள, இலை தின்னும் டைனோசரின் ஓடு ஒரே அடுக்கு. கீழே வேர் ஊன்றி மேலே விரியும் படிக விசிறிகள் நெருக்கியடித்து நிற்கும். இரண்டு காலில் நடந்த மாமிசம் தின்னிகளின் ஓடு நம் கோழி முட்டையைப் போல இரண்டு அடுக்கு. மேலடுக்கு தனியாகத் தொடங்காது, கீழடுக்கிலிருந்தே வளர்ந்து போகும். அப்படியும் ஓடு வம்சத்தைத்தான் சொல்லும். இன்ன விலங்கு என்று அடித்துச் சொல்ல, முட்டைக்குள் குஞ்சின் எலும்பு கிடைக்க வேண்டும்.

என்னிடம் இருந்த ஒரு துண்டில் இரண்டு அடுக்கு. மாமிசம் தின்னியேதான் என்று முடிவு கட்டி வீட்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். உனக்கேற்ற ஆள்தான் கிடைத்திருக்கிறது என்றார் என் கணவர்.

அன்று மதியம் அதே துண்டைப் பாதி மயக்கத்தில் திருப்பிக்கொண்டிருந்தேன். நிழல் நகர்ந்தபோது மேலடுக்கின் அடியில் சின்னச் சின்ன வேர்கள் தெரிந்தன. தூக்கம் போய்விட்டது. மேலே இருந்ததும் வேரோடு கூடிய முழு ஓடு. அதே விசிறிகள், ஒரு வரிசையின் தலையில் இன்னொரு வரிசை. இது மாமிசம் தின்னி இல்லை, நீண்ட கழுத்துக்காரி. இட வேண்டிய நாளில் இடாமல் முட்டையை வயிற்றிலேயே வைத்திருந்திருக்கிறாள். உடம்பு சும்மா இருக்குமா, ஓட்டின் மேல் இன்னொரு ஓடு கட்டிவிட்டது. ஆமைகளுக்கும் இப்படி நேர்வதுண்டு. மழை பொய்த்ததோ, எதற்குப் பயந்தாளோ.

கீழ் ஓட்டின் மூச்சுத் துளைகளைப் பின்தொடர்ந்தேன். அவை மேலே ஏறி, மேல் ஓட்டில் முட்டி அடைபட்டு நின்றன. உள்ளே இருந்த குஞ்சுக்கு மூச்சு முட்டியிருக்கும்.

கை தானாக வயிற்றுக்குப் போனது. காலையிலிருந்து குழந்தை அவ்வளவாக அசையவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விளக்கைக்கூட அணைக்காமல் எழுந்து ஆட்டோ பிடித்தேன்.

வீட்டுக்குப் போனதும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்று அம்மாவிடம் சொன்னேன். இத்தனை நாள் பொறுத்தவள் இன்னும் கொஞ்சம் பொறுக்கக் கூடாதா என்று கெஞ்சினாள். நான் செருப்பைக் கழற்றவே இல்லை.

"மாப்பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னடி பண்ணுவ?" என்றாள்.

"இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னம்மா பண்றது?"

அம்மா என் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் பிளாஸ்க்கையும் பழைய வேட்டித் துணிகளையும் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

அன்றே பெண் குழந்தை பிறந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்துப் பனிக்குடத்து நீர் பச்சையாகிவிட்டது, குழந்தை அழவும் சற்று நேரமானது, இனி பயமில்லை என்று நர்ஸ் வெளியே வந்து சொன்னபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாளாம். எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்ததும் முதல் கேள்வி மணி என்ன என்பதுதான். நேரம் தெரிந்தால்தானே ஜாதகம் கணிக்கலாம். எங்கள் எல்லோருடைய ஜாதகத்தையும் மஞ்சள் தடவிப் பெட்டியில் வைத்துக் காப்பவள் அம்மா. அன்று அவள் மணி கேட்கவில்லை. நர்ஸ் தானாகச் சொல்ல வந்ததற்கும் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, குழந்தையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

என் மகளுக்கு இன்றுவரை ஜாதகம் கிடையாது. எந்த மாதத்துப் பிள்ளை என்று யாராவது கேட்டால், நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொள்வாள்.

"வெயில் காலத்துல பொறந்தது" என்பாள்.