இரண்டு காகிதத்திலும் உங்கள் கையெழுத்து

உங்களுக்குத் தெரியும். கிணறு எங்களுக்குச் சேராது என்று தெரிந்துகொண்டேதான் எங்கள் கிரயப் பத்திரத்தில் முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டீர்கள். மறந்து போட்டதல்ல, ஏமாந்து போட்டதல்ல. தெரிந்து போட்டது. உங்கள் பேரை எழுத மாட்டேன். எங்கள் தெருவில் இதைப் படிக்கிறவர்களுக்குப் பேர் தேவையில்லை. மற்றவர்களுக்கு அதனால் பிரயோசனம் இல்லை.

நான் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் இப்போது மேட்டூர் அணைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அதற்காக இங்கே அழப்போவதில்லை. சர்க்கார் நிலத்துக்குப் பணம் கொடுத்தது, காலி செய்யச் சொன்னது, செய்தோம். சொந்தக்காரர்கள் பவானிப் பக்கம் காடு, அதாவது விளைநிலம், வாங்கிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் இனி மண்ணை நம்ப மாட்டேன் என்றார். மஞ்சளைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்தே தரம் சொல்லுவார். அந்தத் திறமைக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டி ஒன்றில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் அங்கே குகை என்கிற பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்புறம் கோட்டைப் பக்கத்தில் பழைய தெரு ஒன்றில் ஒரு வீடு விலைக்கு வருவதாகச் சொன்னார்கள்.

அந்தத் தெருவுக்கு என்ன வயது என்று யாருக்கும் தெரியாது. கோட்டைக்குள் பட்டாளம் இருந்த காலத்திலேயே இருந்த தெரு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஒரு சுவருக்கு இரண்டு சொந்தக்காரர்கள். உள்ளே நுழைந்தால் ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். முன்கூடம், வானம் தெரிகிற முற்றம், சமையல்கட்டு, கடைசியில் புழக்கடை. நாங்கள் பார்த்த வீடு ஒரு பெரிய வீட்டின் பாதி. அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்துக்கொண்டு நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். தம்பி கோயமுத்தூரில் மில் வேலைக்குப் போகிறவன், தன் பாதியை விற்றுவிட அவசரப்பட்டான். அண்ணன் பக்கத்துப் பாதியில் குடியிருந்தார். கிணறு தம்பியுடைய புழக்கடையில் இருந்தது.

எனக்கு வீடு பார்க்கத் தெரியாது. தண்ணீர் பார்க்கத் தெரியும். சேலத்தில் நாங்கள் பார்த்த வீட்டுக் கிணறெல்லாம் உப்பு. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டால் அடுப்பில் எவ்வளவு விறகு வைத்தாலும் முழித்துக்கொண்டு கிடக்கும். ஆகவே எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் மடியில் ஒரு பிடி பருப்பும் கையில் ஒரு சின்னச் சட்டியும் கொண்டு போவேன். அந்த வீட்டுப் புழக்கடையில் மூன்று கல் கூட்டிச் சட்டியை ஏற்றினேன். பருப்பு சீக்கிரமே மலர்ந்து குழைந்துவிட்டது. இந்த வீடுதான் வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். அதனால் இதில் என் தப்பும் இருக்கிறது. கிணற்றைப் பார்த்து வீட்டை வாங்கச் சொன்னவள் நான்.

அன்று நீங்களும் வந்திருந்தீர்கள். தெருவில் மூத்தவர், ஜவுளிக் கடைக்காரர், தெருக்கோடி மாரியம்மன் கோயில் நோன்பை முன்னால் நின்று நடத்துகிறவர். நீங்கள் வந்து உட்காராமல் அந்தத் தெருவில் ஒரு வீடும் கைமாறாது என்றார்கள். துணி துவைக்கிற கல்லின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தீர்கள். சட்டியிலிருந்து விரலால் எடுத்து என் பருப்பை ருசி பார்த்தீர்கள்.

"நல்ல தண்ணிங்க. இந்தத் தண்ணிக்கே ஊட்டை வாங்கலாமுங்க" என்றீர்கள்.

எங்கள் பக்கத்தில் கிணற்றோடு காடு வாங்குகிறவன் முதலில் கேட்பது, கிணற்றில் எத்தனை பங்கு, யார் யாருக்கு எந்த நாள் முறை என்பதைத்தான். என் வீட்டுக்காரரும் அதையே கேட்டார்.

"கெணத்துக்குப் பங்காளி ஆராச்சும் உண்டுங்களா?"

தம்பிக்காரன் முந்திக்கொண்டு, கிணறு இந்த இடத்துக்குள்தானே இருக்கிறது, வேறு யார் வருவார்கள் என்றான். என் வீட்டுக்காரர் அவனைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்த்தார். நீங்கள் விரலைத் துண்டில் துடைத்தீர்கள்.

"நாப்பது வருசமா இந்தத் தெருவுல இருக்கறனுங்க. எனக்குத் தெரியாம இங்க ஒரு செங்கல் நகராது."

இப்போது எழுதிப் பார்த்தால் அது பதிலே இல்லை என்று தெரிகிறது. அன்றைக்கு எங்களுக்கு அதுவே பதிலாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒருவன் காடோ மாடோ வாங்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்காருவார். பொருளில் குறை இருந்தால் விற்கிறவன் முகத்துக்கு எதிரே சொல்ல மாட்டார். வெற்றிலை எச்சில் துப்பப் போகிறவர் மாதிரி எழுந்து போய்விடுவார், திரும்பி வரமாட்டார். வாங்க வந்தவனுக்குப் புரிந்துவிடும். வாய் திறக்க வேண்டியதே இல்லை. கடைசி வரைக்கும் அவர் உட்கார்ந்திருந்தால் தைரியமாக முன்பணம் கொடுக்கலாம்.

நீங்கள் எழுந்திருக்கவில்லை. நாங்கள் வாங்கினோம்.

பத்திரம் பதிகிற அன்று நான் ஆபீசுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் படித்துக் காட்டினார்களா என்று கேட்டதற்கு, எழுத்துக்காரர் வேகமாகப் படித்தார், பெரியவர் முதல் கையெழுத்துப் போட்டார், வேறென்ன வேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். பத்திரத்தில் வீடு, மனை, நான்கு எல்லை எல்லாம் இருந்தன. கிணறு என்ற ஒரு வார்த்தை இல்லை. மண் யாருடையதோ அவனுடையதுதானே அதில் உள்ள கிணறும் என்று நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வருஷம் நன்றாகத்தான் இருந்தோம். புழக்கடைச் சுவரில் அண்ணன் வீட்டுப் பக்கமிருந்து ஒரு சின்னக் கதவு உண்டு. விடியற்காலையில் அண்ணன்காரர் வீட்டு அம்மாள் அதைத் திறந்துகொண்டு வந்து தண்ணீர் சேந்திப் போவாள். பக்கத்து வீடு, சேந்தட்டும் என்று இருந்தேன். ஒருநாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. கயிறு இற்றுப்போனபோது நான்தான் புதுக்கயிறு வாங்கிப் போட்டேன். நாங்கள் கொடுக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தான் கொடுப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது சித்திரை மாதத்தில்தான் தெரிந்தது.

கிணறு வற்றியிருந்தது. தூர் வார இரண்டு ஆட்களை என் வீட்டுக்காரர் கூட்டி வந்தார். ஓர் ஆள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு படியில் கால் வைத்தான். சின்னக் கதவைத் திறந்துகொண்டு அண்ணன்காரர் வந்தார்.

"ஆரைக் கேட்டு ஆளை எறக்கறீங்க?"

"எங்க கெணத்துக்கு ஆரைக் கேக்கோணுமுங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்க கெணறா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். தூர் வார வந்த ஆட்கள் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். இடுப்பில் கயிற்றோடு அந்த ஆள் அப்படியே நின்றான். அண்ணன்காரர் ஒரு பழைய காகிதத்தோடு வந்தார். பாகம் பிரித்தபோது அண்ணன் தம்பி எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு. ரிஜிஸ்டர் ஆகாதது, பெட்டிக்குள்ளேயே இருந்தது. என் வீட்டுக்காரருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். நான் வாங்கிப் படித்தேன்.

கிணறும் கிணற்றுக்குப் போகிற மூன்றடிப் பாதையும் மூத்தவனுக்கு. இளையவன் அந்த வீட்டில் குடியிருக்கும் மட்டும் தண்ணீர் சேந்திக்கொள்ளலாம். அவ்வளவுதான். கீழே அண்ணன், தம்பி கையெழுத்து. அதற்கும் கீழே சாட்சி. முதல் சாட்சி நீங்கள். எங்கள் பத்திரத்தில் இருக்கிற அதே எழுத்து, கடைசியில் கீழே இழுத்த அதே கோடு.

"தம்பி கோயமுத்தூர் போயிட்டான். இத்தன நாள் உங்களைச் சேந்த உட்டது என்னோட மனசு" என்றார் அண்ணன்காரர்.

அன்றைக்கே உங்கள் கடைக்கு வந்தோம். நீங்கள் யாருக்கோ மல் துணி அளந்து கிழித்துக்கொண்டிருந்தீர்கள். அந்த ஆள் போகிற வரைக்கும் எங்களை நிற்க வைத்தீர்கள். இரண்டு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டவர் நீங்கள், எது சரி என்று சொல்லுங்கள் என்று என் வீட்டுக்காரர் கைகட்டிக் கேட்டார். அண்ணன் தம்பி விவகாரத்தில் நான் தலையிட மாட்டேன் என்றீர்கள்.

"நாங்க பங்காளி இல்லீங்களே. வாங்கின ஆளுங்க" என்றேன்.

என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவரிடம்தான் சொன்னீர்கள்.

"பொம்பளையக் கடைக்குக் கூட்டிட்டு வந்து நாயம் கேக்கற வழக்கம் இந்தத் தெருவுல இல்லீங்க."

மறுநாள் கிணற்றின் மேல் பலகை மூடி வந்தது. இரும்புப் பட்டை, பூட்டு. என் புழக்கடையில், நான் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு எதிரில். சாவி அடுத்த வீட்டில். காலையில் அந்த அம்மாள் வந்து பூட்டைத் திறந்து, வேண்டியதைச் சேந்தி, மறுபடி பூட்டிவிட்டுப் போவாள். வாளியிலிருந்து சிந்துகிற தண்ணீர் என் காலடியில் ஓடும்.

நான் தெருக்குழாய்க்குப் போனேன். காலையில் கொஞ்ச நேரம் நூல் மாதிரி வரும். குடங்களை வரிசையாக வைத்துவிட்டுக் காவல் நிற்க வேண்டும், நகர்ந்தால் குடம் பின்னால் போய்விடும். ஒருநாள் அந்த அம்மாள் கையில் ஒன்றும் இல்லாமல் அங்கே வந்து நின்றாள்.

"காவேரியவே குடிச்சுப்போட்டு வந்தவங்க. இவங்களுக்கு நம்ம கெணறு பத்துமா?"

குழாயடியில் எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பேச்சுத்தான், என் மேல் விழாமல் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்று குடத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கடப்பாரையை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போய்ப் பூட்டில் நுனியைக் கொடுத்து நெம்பினேன். பட்டை வளைந்துவிட்டது. இன்னும் ஒரு நெம்பு. என் வீட்டுக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"வேண்டாஞ் சாமி. உடைச்சுப்போட்டா அப்புறம் நாமதான் திருடங்க."

கடப்பாரையை விட்டுவிட்டேன். அவர் சொன்னதற்காக விட்டேன். என் கோபம் அடங்கியதால் அல்ல.

வக்கீலைப் பார்த்தோம். ரிஜிஸ்டர் ஆகாத காகிதம், நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்றார். இரண்டிலும் சாட்சி போட்ட ஆள் கோர்ட்டில் ஏறி, வாங்கினவர்களிடம் இதை மறைத்தோம் என்று உள்ளதைச் சொன்னால் சீக்கிரம் முடியும், இல்லாவிட்டால் பத்து வருஷம் என்றார். சம்மன் அனுப்பி வரவழைக்க முடியாதா என்று கேட்டேன்.

"இழுத்துட்டு வந்த மாடு பால் கறக்காதும்மா" என்றார்.

மறுபடி உங்களிடம் வந்தோம். ஒரு தரம் அல்ல. கடைக்கு, வீட்டுக்கு, கோயிலுக்கு. ஒவ்வொரு தரமும் பண்டிகை முடியட்டும், அறுவடை முடியட்டும், யுத்தம் முடியட்டும் என்றீர்கள். யுத்தமும் முடிந்துவிட்டது. நடுவில் மூலையில் ஒரு கிணறு வெட்டிப் பார்த்தோம். பாறைக்கு மேலே கொஞ்சம் தண்ணீர் வந்தது, உப்பு. பருப்பு வேகவில்லை. அதைக் கழுவவும் துவைக்கவும் வைத்துக்கொண்டோம். குடிக்கவும் சமைக்கவும் இன்றைக்கும் குழாய்தான். என் முழங்கால் போய்விட்டது. இந்த வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். தண்ணீர் இல்லை என்று சொல்லித்தானே விற்க வேண்டும், எவன் வாங்குவான் என்றேன். சொல்லாமல் விற்கலாம். அதைச் செய்தால் உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு ஊர் தண்ணீரில் போயிற்று. அதற்குச் சர்க்காரைக் கேட்டோம், சர்க்கார் பதிலாவது சொன்னது. இந்த வீட்டை விட்டு நான் போகமாட்டேன்.

இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். அண்ணன்காரர் போன வருஷம் இறந்துபோனார். அவர் பிள்ளைகள் அந்தப் பாதி வீட்டை விற்கிறார்கள். ராசிபுரத்திலிருந்து பட்டு நெசவு செய்கிற குடும்பம் ஒன்று பார்க்க வந்தது. போன வாரம் சின்னக் கதவு திறந்தது. வாங்க வந்த குடும்பத்துப் பெண் வந்து, பூட்டைத் திறந்து, பலகை மூடியைத் தூக்கிக் கிணற்றை எட்டிப் பார்த்தாள். வாளியில் சேந்தி ஒரு கை அள்ளிக் குடித்தாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அது என்ன சந்தோஷம் என்று எனக்குத் தெரியும்.

"கெணறு நிக்கற மண்ணு எங்களுதுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

அவளுக்கு விளங்கவில்லை. உங்களுடைய இடமா, நீங்கள் யார் என்று கேட்டாள். சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"பெரியவரு ஒக்காந்து பேசுனாருங்களே. எல்லாஞ் செரியா இருக்குதுன்னாருங்க" என்றாள்.

அப்படியானால் இது மூன்றாவது காகிதம். இதிலும் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும். அந்தப் பெண் இந்த வீட்டை வாங்கினால் நாளைக்குப் பூட்டுச் சாவியோடு என் புழக்கடைக்கு வருகிறவள் அவள். அவளோடு சண்டை போட வேண்டியவள் நான். எங்கள் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஒரு பகையும் கிடையாது. நீங்கள் கடையில் உட்கார்ந்து துணி கிழித்துக்கொண்டிருப்பீர்கள்.

என் வீட்டுக்காரர் இதை எழுத வேண்டாம் என்றார். தெருவில் தலைகாட்ட முடியாது என்றார். இதுவரைக்கும் தலைகாட்டி என்ன கண்டோம்?

வருகிற ஆடி நோன்புக்கு வரி பேசத் தெரு முழுக்கக் கோயில் முன்னால் கூடும். பெண்களும் வந்து ஓரமாக நிற்போம். ராசிபுரத்துக்காரர்களுக்கும் சொல்லியனுப்பி இருக்கிறேன், வருவதாகச் சொன்னார்கள். கூர்ச்சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்துதான் எங்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டீர்களா, இல்லையா? நாற்பது வருஷக் கதை வேண்டாம், பண்டிகை முடியட்டும் என்ற பேச்சும் வேண்டாம். எழுந்து நின்று, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லுங்கள்.