ஆடாத எண்

பேட்டரிப் பட்டறையில் அவளுக்குச் சண்டி என்று பெயர். அவள்மேல் கை வைத்தவன் எவனும் முழுசாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. பத்து வயதில், தம்பியை அடித்தான் என்று பக்கத்து வீட்டுத் தடியன் ஒருவனின் பல்லைப் பெயர்த்தவள். பெற்றவர்கள் போனபின் அந்தத் தம்பிக்குச் சோறு போட்டு, உதை போட்டு, படிக்க வைத்துத் தான் புரோகிராம் எழுதும் அதே பட்டறையில், சோதனை அறையில் சேர்த்துவிட்டாள்.

அங்கே பேட்டரிகளை அடுக்கிக் கட்டிய பெட்டிக்கு 'பேக்' என்று பெயர். ஒரு பேக்குக்குப் பன்னிரண்டு அடுக்கு, அடுக்குக்கு ஒரு சிப். அடியில் இருக்கும் கன்ட்ரோலர், "எத்தனை வோல்ட், எவ்வளவு சூடு?" என்று கேட்கும். முதல் சிப் அதை இரண்டாவதிடம் சொல்லும், இரண்டாவது மூன்றாவதிடம். பதிலும் அதே வழியாகத்தான் இறங்க வேண்டும். நடுவில் ஒருத்தன் வாயை மூடிக்கொண்டால், மேலே இருப்பவன் எரிந்து செத்தாலும் கீழே சேதி வராது.

அன்று காலை சண்டி சோதனை அறைக்குள் எட்டிப் பார்த்தாள். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. தம்பி பேக்கின்மேல் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். திரை முழுக்கப் பச்சை. ஆனால் ஏழாவது அடுக்கிலிருந்து மேலே ஓர் எண்கூட அசையவில்லை. உயிருள்ள பேட்டரிக்கு வோல்ட் எண்ணின் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். அவள் எப்போதும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

"டேய், வெளிய ஓடி வாடா!"

"என்னக்கா, எல்லாம் பச்சையாத்தானே..."

வெடித்தது. தம்பி சுவரில் மோதி விழுந்தான். அவள் நெருப்புக்குள் பாய்ந்து, காலைப் பிடித்துத் தரதரவென்று அவனை வெளியே இழுத்து வந்தாள். அவன் வலது கையில் மூன்று விரல்கள் இல்லை.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் மேலாளரின் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தினாள். முதல் குத்திலேயே மூக்கு உடைந்தது.

"பதிலே வராத பேக்குக்கு எவன்டா பச்சை காட்டச் சொன்னது? பாவி, என் புள்ளைய எரிச்சிட்டியேடா!"

"நீதான்!" அவர் இரத்தத்தைத் துப்பினார். "பதில் வரலேன்னா பழைய எண்ணையே காட்டுன்னு புரோகிராம்ல எழுதினது நீதானே?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. ஆமாம், அவள்தான். பட்டறை மோட்டார்களின் இரைச்சலில் நல்ல சிப்கூட எப்போதாவது ஒரு தரம் திக்கும். அதற்கெல்லாம் சோதனை நின்று நின்று போகிறதே என்ற எரிச்சலில், ஆறு மாதத்துக்கு முன் அந்த ஒரு வரியைப் போட்டாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? பதில் வராமல் எத்தனை தரம் வரை பொறுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுத மறந்துவிட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று ஒன்றுவிடாமல் சொன்னாள். "மேலாளர் மேல தப்பு இல்லடா. நான்தான்."

தம்பி இடது கையால் டம்ளரை எடுத்து அவள் முகத்தில் வீசினான். புருவம் கிழிந்தது. சண்டி விலகவில்லை. கண்ணில் இறங்கிய இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, குனிந்து அந்த டம்ளரை எடுத்து, மறுபடியும் அவன் இடது கையிலேயே கொடுத்தாள்.