அக்காவின் துளை அட்டைகள்

அக்கா தெல்தோட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லய வீட்டில் பிறந்தார். பெற்றோர் அடுத்தடுத்துக் காலமானபின் என்னைக் கண்டிக்கு அழைத்து வந்து, விஞ்ஞான ஆசிரியையாக வேலை பார்த்தபடி வளர்த்தார். எனக்குப் படிப்பு ஏறவில்லை. புடவைக் கடையில் சேர்ந்தேன். தமிழருக்கு எதிரான கலவரத்தில் எங்கள் வாடகை வீடு எரிந்தது. அதன்பிறகு வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே நான் பின்கதவுக்கு ஓடுவேன். அக்காவோ பாடசாலை திறந்த அன்றே வேலைக்குப் போனார்.

அப்போது அங்கே கணினி இல்லை. அது என்ன செய்யும் என்று காட்ட, புதுச் சட்டை மடிப்புக்குள் வைத்து வரும் அட்டைகளை நான் கடையிலிருந்து கொண்டுவர, அவற்றை உயர்வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தார். நாளுக்கு ஓர் அட்டை. ஓரத்தில் மழை, பனி, காற்று என்று வரிசையாகத் துளைகள். மழை பெய்திருந்தால் மழைத் துளையை விளிம்புவரை வெட்டிவிட வேண்டும். அட்டைகளை அடுக்கி, அந்தத் துளைவழியே குடைக்கம்பியை விட்டுத் தூக்கினால் மழை நாட்கள் மட்டும் கீழே விழும்.

"ஐயோ டீச்சர், மழையெல்லாம் கொட்டுது!" என்று சனிக்கிழமைகளில் எங்கள் முன்னறையில் கத்துவார்கள்.

"கம்பியூட்டரும் இதத்தான் செய்யுது. என்ன, அதுக்குக் கரண்ட் வேணும்" என்பார் அக்கா.

ஒரு வருட அட்டைகள் பாடசாலைக் கண்காட்சிக்குத் தயாராக இருந்தன. ஒருநாள் அக்கா சந்தைக்குப் போயிருந்தபோது, பக்கத்துத் தெருவில் இராணுவச் சோதனை என்றார்கள். அந்தத் துளைகளை இரகசியக் குறியீடு என்று நினைத்து அக்காவைப் பிடித்துப் போவார்களோ என்று பயந்து, எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டேன். எங்கள் தெருவுக்கு யாருமே வரவில்லை.

"ஆமி வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று அக்காவிடம் சொன்னேன்.

அவர் சமையலறையை எட்டிப் பார்த்தார். "அப்படியா? போறப்ப அடுப்பையும் மூட்டிட்டுப் போனாங்களா தம்பி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஆமின்னு பிள்ளைகள்கிட்ட சொல்லாத. பயந்து படிக்க வராம நின்னுடுவாங்க" என்றார். தானே தொலைத்துவிட்டதாக அவர்களிடம் சொன்னார்.

"ஒரு வருஷம் டீச்சர்!" என்று ஒரு பிள்ளை அழுதது. இருவர் கோபித்துக்கொண்டு பிறகு வரவேயில்லை. மிஞ்சியவர்களோடு அக்கா முதல் அட்டையிலிருந்து தொடங்கினார். நான் வழக்கம்போல அட்டை கொண்டுவந்து கொடுத்தேன்.

அன்று அழுத பிள்ளை இன்று கணினி ஆசிரியை. அக்காவின் இறுதிச் சடங்கன்று, "டீச்சர் ஒருக்கா எங்க அட்டைய எல்லாம் தொலைச்சிட்டாங்க, தெரியுமா மாமா?" என்று சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். நான் வந்தவர்கள் உட்காரக் கதிரை எடுத்துப்போடப் போய்விட்டேன்.

இப்போதும் சனிக்கிழமை முன்னறையைக் கூட்டி, கதிரைகளை வரிசையாகப் போட்ட பிறகுதான் யாரும் வரமாட்டார்கள் என்பது நினைவுக்கு வருகிறது.

அக்காவின் கடைசி நாட்களில் மாறிமாறி ஆஸ்பத்திரியில் இருந்த மாணவிகளுக்கும், துக்கம் நடந்த மூன்று நாளும் சாப்பாடு கொடுத்த அயலவர்களுக்கும் என் நன்றி. அந்த அட்டைகளைச் செய்த பிள்ளைகளுக்கு மட்டும் நன்றி சொன்னால் போதாது. அக்கா எதையும் தொலைக்கவில்லை. எரித்தவன் நான்.