உட்கார்ந்து பேசும் வகுப்பு

டவுன் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பின் முதல் வாரத்தில் ஆங்கில மிஸ் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அவர் வகுப்பில் என்னென்ன எதிர்பார்க்கிறார் என்று அதில் இருந்தது. கைடு கூடாது. கதையை வீட்டிலேயே படித்துவிட்டு வர வேண்டும். மேசைகளை வட்டமாகப் போட்டு, உட்கார்ந்தபடியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வேண்டும். யாரும் எழுந்து நிற்கக் கூடாது. சொல்வதற்கு ஆதாரமாகக் கதையில் வரியைக் காட்ட வேண்டும். அடுத்தவர் சொன்னது சரியில்லை என்று பட்டால் காரணத்தோடு மறுக்க வேண்டும். காலாண்டுத் தேர்வுக்குள், இப்படிப் பேசியதற்காகப் பெயருக்கு நேரே ஒரு டிக் கூட விழாதவர்கள் பக்கத்துப் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை முடித்து வந்த அப்பாவுக்குத் தாளைத் தமிழில் சொன்னேன்.

"ஏத்தா, எதுத்துப் பேசச் சொல்லி டீச்சரே எழுதிக் குடுத்துருக்காகளா?"

"ஆமாப்பா. காரணத்தோட."

"இங்க காரணமே இல்லாமப் பேசுறா," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "அதுக்கும் மார்க்கு உண்டான்னு கேளுங்க."

நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது சொல்லிக்கொடுத்த கையெழுத்தை, அப்பா தாளின் அடியில் நிதானமாகப் போட்டார்.

மறுப்பது எனக்குச் சிரமமாக இல்லை. உட்கார்ந்து பேசுவதுதான் வரவில்லை. ஊர்ப் பள்ளியில் பத்து வருடம், பெயரைச் சொன்னதும் எழுந்து, கைகட்டி நின்று பதில் சொல்லியே முதலிடம் வாங்கியவள். வாய் திறந்தால் முழங்கால் நிமிர்ந்துவிடும்.

"சோழவந்தான் பஸ் வந்துருச்சுடி, எந்திரிச்சுட்டா!" என்று யாராவது சொல்வார்கள். மிஸ் "உட்கார்ந்து சொல்லும்மா" என்பார். உட்காருவேன். வாக்கியம் போயிருக்கும். நின்று சொன்னதற்கு டிக் கிடையாது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முணுமுணுத்துப் பழகினேன். பக்கத்து சீட்டில் கீரைக் கூடையோடு இருந்த ஒரு அம்மா, "யாரைத்தா இம்புட்டு நேரமா வையுற?" என்று கேட்டார். பஸ்ஸில் நன்றாகவே வந்தது. வகுப்பில் வரவில்லை.

பக்கத்துப் பிரிவில் நோட்ஸ் எழுதிப் போடுவார்கள். அங்கே படிப்பது கேவலமில்லை. ஆனால் நானாகப் போவது வேறு, அனுப்பப்படுவது வேறு.

எட்டு வாரம் ஒரு டிக்கும் இல்லாமல் போனது. காலாண்டுக்கு முந்தைய கடைசி வகுப்பு. அன்றைய கதையில், பெரிய வீடொன்றில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஊரில் அம்மா படுத்த படுக்கை என்று தகவல் வருகிறது. அவள் லீவு கேட்பதில்லை. கேட்காமலே இருக்கும்போது அம்மா இறந்துவிடுகிறாள்.

என் எதிரே இருந்தவள் பேங்க் மேனேஜர் மகள். வகுப்பில் அதிக டிக் வாங்கியவள். "தப்பு அந்தப் பெண் மேல்தான். வீட்டு அம்மாள் நல்லவர். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அனுப்பியிருப்பார்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பலரும் தலையாட்டினார்கள்.

எழுந்துவிட்டேன். பஸ் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். மிஸ் உட்காரச் சொன்னார்.

"சொல்லி முடிச்சிட்டு உக்காருறேன் மிஸ்."

பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். "இந்தக் கதையில் அந்தப் பெண் எங்கேயும் உட்காரவில்லை. மூன்றாம் பக்கத்தில் கதவோரம் நிற்கிறாள். ஏழாம் பக்கத்தில் அந்த அம்மாள் சாப்பிட்டு முடிக்கும்வரை நிற்கிறாள். ஒன்பதாம் பக்கத்தில் அவர் நலம் விசாரிக்கிறார், அப்போதும் நிற்க வைத்துத்தான். நிற்பவள் கேட்டதற்குப் பதில் சொல்வாள். தானாக எதையும் கேட்க மாட்டாள்."

எல்லோரும் பக்கத்தைப் புரட்டினார்கள். பேங்க் மேனேஜர் மகள் மட்டும் புரட்டவில்லை. தமிழிலேயே கேட்டாள்.

"நீ நின்னுக்கிட்டுதான இருக்க? யாரும் கேக்காமத்தான இப்பப் பேசுன?"

ஓ என்று சத்தம் எழுந்தது. அவள் கேட்டது சரியான கேள்வி.

"ஆமா," என்றேன். "அதுக்கு எனக்கு எட்டு வாரம் ஆச்சு. அந்தப் பொண்ணோட அம்மா அம்புட்டு நாள் இருக்கல."

மிஸ் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. "நின்னுல்ல பேசுன," என்றார்.

"கடைசியாச் சொன்னப்ப உக்காந்துதான் மிஸ் இருந்தா," என்றாள் பேங்க் மேனேஜர் மகள். எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது. எப்போது உட்கார்ந்தேன் என்று இன்றும் நினைவில்லை. "டிக் போடுங்க மிஸ். நான் இவளுக்கு இன்னும் பதில் சொல்லல. ஆளு இங்க வேணும்."

மிஸ் டிக் போட்டார். விதியை மாற்றவில்லை.

தேர்வு முடிந்து வந்த முதல் வகுப்புக்கு அவள் என்னை மறுக்க, அதே கதையிலிருந்து நான்கு பக்க எண்களைக் குறித்துக்கொண்டு வந்தாள். மூன்றை ஒப்புக்கொண்டேன். நான்காவதை மறுத்தேன், உட்கார்ந்தபடி.