உரக்கச் சொன்ன பாவங்கள்

எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நான் தெரிந்துகொண்டது எங்கள் மாதா கோயிலின் பாவசங்கீர்த்தனக் கூண்டில்தான்.

ஓரகடத்தில் காருக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பிரஸ் ஷாப்பில் வேலை எனக்கு. இரும்புத் தகட்டை வைத்துப் பொத்தானை அழுத்தினால் மேலிருந்து இறங்கி அடித்து வடிவம் கொடுக்கும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் இடம் அது. சேர்ந்த புதிதில், காதில் அடைத்துக்கொள்ளக் கொடுத்த ரப்பரைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன். போட்டால் தலை கனப்பதுபோல இருந்தது. உள்ளே பேச்சு என்பதே கிடையாது. கையைக் காட்டுவோம், கண்ணைக் காட்டுவோம், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். அப்படியே வருடங்கள் ஓடியதில், வெளியிலும் நான் உதட்டைப் பார்த்தே பாதி கேட்கிறேன் என்பது எனக்கே தெரியாமல் இருந்தது.

கூண்டில் உதடு தெரியாது. ஃபாதர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் துளை போட்ட பலகை. தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, முதல் ஷிப்ட் முடித்து வந்து முழந்தாளிட்டு என் பாவங்களைச் சொன்னேன். பதிலுக்கு அந்தப் பக்கமிருந்து காற்று போவது போல ஏதோ கேட்டது.

"இன்னா ஃபாதர்?"

மறுபடியும் காற்று. மூன்றாம் முறையும் கேட்க வெட்கமாக இருந்தது. "சரி ஃபாதர்" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். பரிகாரமாக என்ன செபம் சொல்லச் சொன்னார் என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து ஒரு செபமாலை முழுவதும் சொன்னேன்.

எனக்கு முன்பே தன் முறையை முடித்த என் மனைவி, நான் செபமாலை உருட்டுவதைப் பார்த்தபடி வெளியே வண்டியருகே காத்திருந்தாள். அவள் சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஒரே தெருவில் விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள், அதனால் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள்.

"எனக்கு மூணு அருள்நிறை மரியேதான் குடுத்தாரு. உனக்கு முழு செபமாலையா? அப்படி இன்னா பண்ண நீ?" என்றாள். வீடு போய்ச் சேரும் வரை கேட்டுக்கொண்டே வந்தாள். காது கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த முறை அதைவிட மோசமாகப் போயிற்று. காது மங்கியவனுக்குத் தன் குரலின் அளவும் தெரியாது என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், கோயிலில் நல்ல கூட்டம். பாவசங்கீர்த்தனத்துக்குச் சுவரோரம் வரிசை நின்றது. எனக்கு நான்கைந்து பேர் பின்னால் என் மனைவி. நான் உள்ளே போய், ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போகப் பிடிக்காமல், ஓ.டி. இருக்கிறது என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு, கம்பெனி நண்பன் அறையில் படுத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்ததைச் சொன்னேன்.

வெளியே வந்தபோது வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் முந்தானையால் வாயை மூடியிருந்தார்கள். முன்வரிசையில் பாட்டுப் பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ அன்னிக்கு ஓ.டி. இல்லியா?" என்றாள்.

பரிகாரத்தை அந்த இடத்திலேயே தொடங்கி, பொங்கல் வரை செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மச்சான் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நாள் முழுக்க இருந்தேன். அந்த வீடு உண்மையிலேயே நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள். அதைச் சொன்னதும் மனைவிக்குக் கோபம் இறங்கியது. ஆனால் எனக்குள் ஒன்று பூட்டிக்கொண்டது. அதன்பின் கூண்டுப் பக்கமே நான் போகவில்லை.

பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்க, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பத்தை வாங்க, மனம் ஒப்பவில்லை. ஞாயிறு பூசைக்குப் போவேன். எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மற்றவர்கள் வெளியே போக நான் காலை ஒதுக்கி வழிவிட வேண்டும். அது வாரா வாரம் கஷ்டமாக இருந்தது. ஒரு தடவை குன்றத்தூரிலிருந்து திரும்பும் வழியில், என்னைத் தெரியாத ஒரு கோயிலில் முயன்று பார்க்கலாம் என்று வண்டியை நிறுத்தினேன். அங்கேயும் அதே துளை போட்ட பலகை. பார்த்துவிட்டு மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு வந்தேன்.

மனைவி கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். "நான் கேட்டது தப்புதான். உனக்கும் சாமிக்கும் நடுவுல இருக்கிறது அது. எனக்கோசரம் வுட்டுடாத" என்றாள் ஒரு நாள். அவளுக்காக இல்லை, காது கேட்காததால்தான் என்று அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னேன். மறுவாரமே ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் சத்தம் விட்டுச் சோதித்தார்கள். மெல்லிய சத்தங்கள் போய்விட்டன, திரும்பாது என்றார் டாக்டர். மெஷின் எழுதிக் கொடுத்தார். வருவதற்கு மாதங்கள் ஆகும் என்றார்கள்.

அந்த இடைவெளியில்தான் அது நடந்தது. எங்கள் ஃபாதர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், என்னைவிட வயதில் சிறியவர். ஞாயிறு காலை எங்கள் ஊர்ப் பூசை முடிந்ததும், மணிமங்கலம் தாண்டி ஒரு சின்ன ஊருக்கு இரண்டாம் பூசைக்குப் போவார். அன்று அவர் வண்டி மெக்கானிக் கடையில் இருந்தது. என்னைக் கூப்பிட்டு, கொண்டுபோய் விட முடியுமா என்றார். விட்டேன், பூசைக்கும் இருந்தேன், திரும்பக் கூட்டி வந்தேன். ஏரிக்கரை மேல் வரும்போது தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கி எனக்கு எதிரே வந்து நின்றுகொண்டார்.

"அண்ணே, நீங்க ஏன் நன்மை வாங்க வர மாட்டேங்கிய?" என்றார்.

எதிரே நின்றதால் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. மறைக்காமல் சொன்னேன். "கூண்டுல நீங்க பேசுறது ஒண்ணும் காதுல வுழல ஃபாதர். எனக்கு மன்னிப்பு கெடச்சிச்சா இல்லியான்னே தெரியல."

"நான் சொல்லிட்டா அது ஆயிட்டுண்ணே. உங்க காதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். பிறகு கரையின் இரண்டு பக்கமும் பார்த்தார். "இங்க யாரும் இல்ல. இப்ப சொல்லுதியளா?"

பையிலிருந்து, பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடும் ஊதா நிறத் தோள்பட்டியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். நான் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம். மெதுவாகப் பேச வேண்டும் என்ற கவலையே இல்லாமல், என் குரலிலேயே சொன்னேன். அவர் கையை என் தலைக்கு மேல் உயர்த்தி, நான் உதட்டைப் பார்க்கும்படி நின்று, நிதானமாகப் பாவமன்னிப்பு கொடுத்தார். ஒரு சொல்கூட எனக்குத் தவறவில்லை. இவ்வளவு வருடங்களில் அதன் எல்லா வார்த்தைகளையும் முழுதாகக் கேட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

கரைச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், என் சத்தம் கேட்டு மேலே ஏறி வந்தார்.

"இன்னா சார், எதுனா தகராறா?" என்றார்.

"இல்லங்க, சமாதானம் பேசுதோம்" என்றார் ஃபாதர்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நல்லது என்று தலையாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஃபாதருக்கும்தான். மறு ஞாயிறு நான் எழுந்து வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற என் மனைவி திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி என் விரலை ஒரு முறை அழுத்திப் பிடித்தாள்.

அடுத்த தவக்காலத்தில் ஃபாதர் கோயிலுக்கு வெளியே, காம்பவுண்டு ஓரத்துப் புங்க மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிராகப் போடச் சொன்னார். விருப்பப்பட்டவர்கள் அங்கே வரலாம் என்று அறிவித்தார். காரணம் எதையும் சொல்லவில்லை. எனக்காகத்தான் என்று நான் நினைத்துக்கொண்டு போனால், எனக்கு முன்பே ஐந்தாறு பேர் நின்றார்கள். முழந்தாளிட முடியாதவர்கள், என்னைப் போலக் காது கேட்காதவர்கள். இத்தனை பேர் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள் என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு போனேன். காதில் மெஷின் வந்துவிட்டது, நன்றாகவே கேட்கிறது. இருந்தாலும் மரத்தடிதான் எனக்குப் பிடிக்கிறது. எனக்கு முன்னால் ஒரு பெரியம்மா உட்கார்ந்து, மருமகளைப் பற்றி ஃபாதரிடம் ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். நான் மெஷினை அணைத்துவிட்டேன். வரிசையில் நின்ற மற்றவர்கள், சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.