கருவி எதுவும் வேண்டாதவர்

என் அக்கா வடிவின் புருஷன் செங்கல்வராயனைப் பற்றித் திருநின்றவூரில் ஒரு பேச்சு உண்டு: "படிச்சுப் படிச்சே வீணாப் பூட்டாரு." காதில் விழும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். படிப்பு அவரை என்ன செய்தது? ஒரு விண்ணப்பத்தின் ஏழாம் கேள்விதான் அவரை அழித்தது. அதைச் சுத்தப் பிரதி எழுதியவன் நான்.

ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம் அவருடையது. எம்.ஏ. வரை படித்துவிட்டு, மூன்று வருஷ உதவித்தொகையில் பட்டணத்தில் பௌதிக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆராய்ச்சி என்றால் குடுவை, கம்பி, விளக்கு ஒன்றும் கிடையாது. அணுவின் நடுக்கருவில் ஒரு துகள் போய் மோதினால் எந்தப் பக்கம் சிதறும் என்று காகிதத்தில் கணக்குப் போடுவார், அவ்வளவுதான். ரயிலில் போகும்போதும் கணக்கு, வரும்போதும் கணக்கு. மாதம் ஒரு தடவையாவது ஸ்டேஷனைக் கோட்டைவிட்டு, வேப்பம்பட்டில் இறங்கி நடந்து வருவார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அந்தப் பக்கங்களை வரிசை குலையாமல் டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைப்பதும் அவள்தான்.

1941இல் உதவித்தொகை முடிந்தது. கணக்கு முடிய இன்னும் இரண்டு வருஷம் வேண்டும் என்றார். பணம் கொடுக்கும் கமிட்டிக்கு நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பம் போட வேண்டும். நான் பூந்தமல்லி ரிஜிஸ்தர் ஆபீஸில் குமாஸ்தா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கடைசித் தாளில் முதலிலேயே கையொப்பம் போட்டுக் கொடுத்துவிட்டு மீதியை என்னிடம் விட்டார். எங்கள் ஆபீஸிலும் அப்படித்தான் நடக்கும்.

ஏழாம் கேள்வி, ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவிகள் எவை என்பது. 'எதுவும் வேண்டாம்' என்று எழுதி வைத்திருந்தார்.

"இன்னா மாமா இது?" என்றேன். "எதுனா கேளு மாமா. பேட்டரி, பம்பு, ஒரு பீரோ. அழுத புள்ளதான் பால் குடிக்கும்."

"கருவி இன்னாத்துக்குடா எனக்கு? காயிதமும் மசியும் போதும். அதான் இந்த வேலையோட அழகே."

"அது உனக்கு அழகு. துட்டு குடுக்கறவனுக்கு?"

"வேணாததைக் கேக்கச் சொல்றியா? பொய் சொல்லிட்டு வந்து கணக்குல உண்மையத் தேட முடியுமா, லோகநாதா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதில் அவருக்குப் பெருமை. ஏழை தேசத்தில் செலவில்லாமல் செய்யக்கூடிய விஞ்ஞானம் இது ஒன்றுதான் என்பார். கையொப்பமிட்ட தாள் என்னிடம் இருந்தது. 'ஒரு பம்பு' என்று நான் சேர்த்திருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. பத்திரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிப் பழகிய கை, சேர்க்கவில்லை.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. பக்கத்து அறையில் ஆராய்ச்சி செய்த பரந்தாமன் இரண்டு பக்கத்துக்குக் கருவிப் பட்டியல் கொடுத்திருந்தார், அவருக்குக் கிடைத்தது. மாமாவுக்கு எழுதியிருந்தார்கள்: விண்ணப்பதாரருக்குக் கருவிகள் தேவைப்படாததால் ஓய்வு நேரத்தில் வீட்டிலிருந்தே அவர் வேலையைத் தொடரலாம், நிதி அவசியமில்லை. பாவிகள். சோறும் வேண்டாம் என்று அவர் எழுதவில்லையே.

யுத்தத்தில் ஆவடிக்குப் பட்டாளத்து டிப்போ வந்தது. மாமா அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தார். லாரி டயரும் போல்ட்டும் வந்ததை, போனதைப் பதிய வேண்டும். முதல் வருஷம் வீட்டுக்கு வந்ததும் டிரங்கைத் திறப்பார். அடுத்த வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். பிறகு அக்கா அதன்மேல் பாயைச் சுருட்டி வைக்க ஆரம்பித்தாள்.

1946இல் அவருடைய பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. காகிதக் கணக்கு ஆராய்ச்சிக்கும் இப்போது பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், திங்கட்கிழமை பழைய பக்கங்களோடு வந்து என்னைப் பார் என்று எழுதியிருந்தார். அக்கா அன்றைக்கே வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டாள்.

ஞாயிறு காலை மாமா டிரங்கைத் திறந்து உட்கார்ந்தார். மத்தியானம் நான் போனபோது மூன்றாம் பக்கத்திலேயே இருந்தார்.

"இது நான் எய்துனதுதான்டா," என்றார். "இந்த வரிலேர்ந்து அந்த வரிக்கு எப்டி வந்தேன்னு தெரில."

"அஞ்சு வருசம் ஆச்சே. பாத்துகினே இருந்தா வந்துடும் மாமா."

"காலைலேர்ந்து பாத்துகினுதான் கீறேன்." கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, "வடிவுகிட்ட சொல்லாத," என்றார்.

வெளியே வந்து கிணற்றடியில் நின்று அழுதேன்.

மறுநாள் கஞ்சி போட்ட சட்டையில், பக்கங்களைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அக்கா திருநீறு பூசி அனுப்பினாள். பட்டணம் போகும் அந்த வண்டியில்தான் நானும் தினம் ஆவடி வரை போய், அங்கிருந்து பூந்தமல்லிக்கு பஸ் பிடிப்பேன். ஆவடி வந்ததும் எழுந்தேன். அவரும் எழுந்தார். 'நீ உட்காரு மாமா, அவரை ஒரு தடவை பார்த்துவிட்டாவது வா' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எனக்கு முன்னால் இறங்கி, டிப்போ பக்கம் நடந்துகொண்டிருந்தார்.