பதினோரு நிமிடப் பதிவு

மலையேறும் ஜீப்புக்காரர்கள் பென் டிரைவில் பாட்டு ஏற்றுவது போடி பஸ் ஸ்டாண்டின் பின்சந்தில் இருக்கும் காளீஸ்வரி கடையில்தான். பழைய ஜீப்பு பிளேயர்கள் எம்பி3 தவிர வேறெதையும் பாடாது. அவளுடைய ஓட்டைக் கம்ப்யூட்டரோ பெரிய மென்பொருளைத் தாங்காது. அதனால் கருப்புத் திரையில் கட்டளை அடித்தே எதையும் மாற்றக் கற்றுக்கொண்டாள். எந்தக் கோப்பு, எவ்வளவு சத்தம், என்ன தரம், எல்லாம் ஒரே வரி. அதன் வாலில் மௌனத்தையும் மெல்லிய சத்தத்தையும் வெட்டித் தள்ளும் குறி ஒன்றும் உண்டு. கொண்டை ஊசி வளைவில் பாட்டு ஓய்ந்தால் கண் சொருகும் என்பது ஓட்டுநர்கள் கட்சி.

அன்று காலை பத்தரை மணிக்கு இருளம்மாள் வந்தாள். ஏலக்காய் திருடினான் என்று அவள் புருஷன் மொக்கச்சாமியை எஸ்டேட்டில் கட்டிவைத்து அடித்துக் கொன்றுவிட்டு, சரிவில் வழுக்கி விழுந்தான் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், பாவிகள். இழுத்துப் போகும்போதே அவன் மனைவிக்குப் போன் போட்டிருந்தான். அவளுடையது பேச்சைத் தானாகப் பதிந்துகொள்ளும் போன்.

"தேனி வக்கீலு, அவர் கம்ப்யூட்டர்ல பாடுற மாதிரி மாத்திக் கொண்டான்னாரு தாயி. வெரசாப் பண்ணு, பத்தே முக்கா பஸ்சப் பிடிக்கணும்."

காளீஸ்வரி கைப்பழக்கத்தில் வழக்கமான வரியையே அடித்துவிட்டாள். நாலு நொடியில் வேலை முடிந்தது. பதினோரு நிமிடப் பதிவு எட்டு நிமிடமாகி வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, வெட்டும் குறியை எடுத்துவிட்டு, சத்தத்தை நாலு மடங்கு கூட்டி மறுபடி ஓட்டினாள். வெட்டுப்பட்ட மூன்று நிமிடத்தை மட்டும் ஹெட்போனில் கேட்டாள்.

அடி ஓய்ந்திருந்தது. முனகல் மட்டும் இருந்தது. பிறகு ஒருவன் தணிந்த குரலில் சொன்னான்: "தண்ணி குடுக்காதீக. பொழச்சான்னா மாட்டிவிட்ருவான். மூக்கப் பொத்துங்க."

அது காளீஸ்வரியின் புருஷன் விஜயகுமாரின் குரல். எஸ்டேட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறவன்.

அழிக்கும் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் அவள் தாலி தப்பும். எதிரே தாலி அறுத்தவள் நின்றிருந்தாள். காளீஸ்வரி மாற்றியதைப் பென் டிரைவில் போட்டு, அசல் இருந்த போனோடு சேர்த்து அவள் கையில் திணித்தாள்.

"போய் பஸ்சுல ஏறிக்கக்கா. தேனி வர்ற வரைக்கும் எங்கயும் எறங்காத."

ஐந்து நிமிடத்தில் விஜயகுமார் வந்து ஷட்டரைப் பாதி இறக்கினான். இருளம்மாள் இங்கே வந்ததை யாரோ அவனிடம் பற்றவைத்துவிட்டார்கள்.

"இருளம்மா கொண்டாந்த சாமான் எங்கடி?"

"கம்ப்யூட்டர்லதாங்க இருக்கு. இன்னும் மாத்தி முடியல."

அவள் முடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். பல் ஒன்று தெறித்தது. இரும்பு ஸ்டூலால் திரையை உடைத்தான், பெட்டியை நொறுக்கினான். தடுக்க வந்த கையைத் தரையில் போட்டு மிதித்தான். விரலெலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவள் வலியில் அலறினாள். ஆனால் பஸ் என்ற வார்த்தை மட்டும் வாயிலிருந்து வரவில்லை. கொல்லட்டும், அதுவரை இங்கேயே நிற்கட்டும் என்று கிடந்தாள்.

வெளியே கண்டக்டரின் விசில் கேட்டது. தேனி பஸ் உறுமிக்கொண்டு சந்து முனையைக் கடந்தது. காளீஸ்வரி ரத்தத்தைத் துப்பினாள்.

"நீ மூக்கப் பொத்தச் சொன்னதும் அதுல இருக்கு. வக்கீலுக்கு நல்லாக் கேக்கட்டும்னு நாலு மடங்கு கூட்டிக் குடுத்துருக்கேன்."